பூச்சிக்குப் பகை பூச்சி

மக்கள் பயிர்த்தொழிலைத் தொடங்கிய நாள்முதல் அவர்களுக்கும் பூச்சியினங்களுக்கும் நிகழ்ந்துவரும் போர் ஓய்ந்ததில்லை. உழவன் விதைத்ததை அவன் உண்ணுமுன் தாம் உண்ணக் காத்திருப்பவை பல. ஆயினும் பூச்சிகள் அனைத்தையும் பகையெனக் கொள்ளுதல் பெரும்பிழையாகும். பயிரைத் தின்னும் பூச்சி ஒன்று உண்டாயின், அதனைத் தின்று வாழும் பூச்சி மற்றொன்றும் உண்டு. இவ்வுண்மையை, நம் தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைக் கொண்டு விளக்க முயல்வோம்.

குளிர்நாடுகளில் ஆண்டுதோறும் வரும் கடும்பனி பூச்சிகளுக்குக் கூற்றுவன் போன்றது. அக்காலத்திற் பல மடிந்தொழியும். எஞ்சியவை முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ உறங்கிக் கிடக்கும். மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலோ அத்தகைய குளிர் எக்காலத்தும் இல்லை. வெம்மை ஓர் அளவுக்குள் மிகுமளவும் பூச்சியின் வளர்ச்சி விரைவுபடும்; ஆகவே ஓராண்டிற் பல தலைமுறைகள் தோன்றும். மேலும், வைகைநீரும் பெரியாற்றுநீரும் பாயும் வயல்களில் நெல், கிணற்றுப் பாசனத்தில் கத்தரியும் மல்லிகையும், மானாவாரி நிலத்திற் பருத்தி என, ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு பயிர் பசுமையாய் நிற்கின்றது. தங்குதற்கு வெம்மையும் உண்ணுதற்கு உணவும் குறைவின்றிக் கிடைக்குமாயின் பூச்சிகள் பெருகுதற்குத் தடை யாது?

தடை உண்டு. பயிருண்ணும் பூச்சியை வளர்க்கும் அவ்வெம்மையே அதன் பகைவரையும் வளர்க்கின்றது. நெற்பயிரின் தூரில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும் புகையானைச் சிலந்திகள் பிடித்துண்ணும். அதன் முட்டைகளை வேறு சிறு பூச்சிகள் அழிக்கும். இவை வயலில் உள்ளளவும் புகையான் பெரும்பாலும் அடங்கியிருக்கும். உழவர் அளவின்றி நஞ்சு தெளிப்பின் முதலில் மடிவன இக்காவலரே. பின்னர், தப்பிய புகையான் தடுப்பார் எவருமின்றி முன்னினும் பன்மடங்காகப் பெருகும். கள்வனை ஒழிக்கப் புகுந்து காவலனைக் கொன்ற கதை இஃது.

உள்நாட்டுப் பூச்சியின் நிலை இவ்வாறாக, பிறநாட்டிலிருந்து வந்து புகும் பூச்சியின் நிலை வேறு. செடியோடும் கனியோடும் மறைந்து கடல் கடந்துவரும் பூச்சி, தாயகத்திலிருந்த தன் பகைவரைப் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டு வருகின்றது. வந்த இடத்திலோ அதனை அடக்கவல்லார் இலர். இதற்குத் தக்க சான்று பப்பாளி மாவுப்பூச்சியாகும்.

இப்பூச்சியின் தாயகம் மெக்சிக்கோவும் அதனை அடுத்த நடு அமெரிக்கப் பகுதிகளுமாம். 1990க்குப் பின்னர்க் கரீபியத் தீவுகளிற் பரவி, 1998ஆம் ஆண்டு புளோரிடாவிலும், அதன்பின் பசிபிக் தீவுகளிலும் தோன்றிற்று. நம் நாட்டில் முதன்முதல் 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரிற் கண்டறியப்பட்டது. அங்கிருந்து ஏனை மாவட்டங்களிலும் பரவிப் பப்பாளியை மட்டுமன்றி, மரவள்ளி, பட்டுப்புழுவுக்கு உணவாகும் மல்பெரி, பருத்தி, கத்தரி, வீட்டுமுற்றத்துச் செம்பருத்தி முதலியவற்றையும் பற்றிக்கொண்டது.

பெண்பூச்சிக்குச் சிறகில்லை. அதன் மஞ்சள்நிற உடலை வெண்மையான மெழுகுப்பொடி போர்த்திருக்கும். மாவு தூவினாற்போன்ற இத்தோற்றமே பெயர்க்குக் காரணமாயிற்று. ஒரு பெண்பூச்சி நூறுமுதல் அறுநூறு முட்டைவரை இடும். பொரித்த குஞ்சுகளைக் காற்றும், எறும்பும், மக்களின் ஆடையும் கருவிகளும் மரத்துக்கு மரம் கொண்டுசெல்லும். இது கழிக்கும் இனிய நீர் இலைமேற் படிய, அதன்மேற் கரும்பூசணம் படரும். அவ்வினிமையை நாடிவரும் எறும்புகள் பூச்சியை அதன் பகைவர் அணுகாவண்ணம் காத்து நிற்கும்.

திருமங்கலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் என் பெரியப்பா அக்காலத்தில் அரை ஏக்கரிற் பப்பாளி பயிரிட்டிருந்தார். மரங்கள் வெள்ளை பூசினாற்போல் ஆயின, இலைகள் சுருண்டன, காய்கள் விற்பனைக்கு ஆகாமற் போயின. கடைக்காரர் சொன்ன மருந்தையெல்லாம் வாங்கித் தெளித்தார். மெழுகுப்போர்வை நஞ்சைத் தடுத்தது. இலையின் அடியிலும் பட்டையின் இடுக்கிலும் ஒளிந்த பூச்சிகள் தப்பின. அவற்றை உண்ணவந்த பொறிவண்டுகளே மாண்டன. “அடித்து அடித்துக் கைதான் ஓய்ந்தது தம்பி, பூச்சி ஓயவில்லை” என்று அவர் இன்றும் கூறுவதுண்டு. இறுதியில் தம் கையால் நட்ட மரங்களைத் தாமே வெட்டித் தீயிலிட்டார். கடன்மட்டும் நின்றது.

இந்நிலையில் அறிஞர் பூச்சியின் தாயகத்தை நோக்கினர். மெக்சிக்கோவில் இம்மாவுப்பூச்சி பெருந்தொல்லையாக இல்லாமைக்கு அங்குள்ள சிறுகுளவிகளே காரணம் என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. பசிபிக் தீவுகளிலும் அக்குளவிகளை விடுத்து நற்பயன் கண்டிருந்தனர். எனவே, பெங்களூரிலுள்ள தேசியப் பூச்சியாய்வு நிறுவனத்தார் 2010ஆம் ஆண்டு, அமெரிக்க வேளாண்மைத் துறையின் உதவியால் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகைக் குளவிகளை வருவித்தனர். அவை பிற உயிர்களுக்கு இடையூறு செய்யுமோ என்று காவலறையில் வைத்து ஆராய்ந்த பின்னர், அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் தமிழ்நாட்டில் வெளிவிடத் தொடங்கினர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் அவற்றைப் பெருக்கி உழவர்க்கு வழங்கினர்.

மூன்றனுள் சிறந்து விளங்கியது அசெரோபேகஸ் பப்பாயே என்பது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மக்களைக் கொட்டும் இயல்பு அதற்கில்லை. பெண்குளவி மாவுப்பூச்சியின் இளங்குஞ்சைத் தேடிச்சென்று அதன் உடலுக்குள்ளே முட்டையிடும். முட்டையினின்று வரும் புழு அவ்வுடலையே உணவாகக் கொள்ளும். மாவுப்பூச்சி பருத்து விறைத்து வெறுங்கூடாகும். சின்னாளில் அக்கூட்டைத் துளைத்துக்கொண்டு புதுக்குளவி பறந்து செல்லும். மருந்து எட்டாத இடுக்குகளிலும் குளவி தானே தேடிச் செல்கின்றது. ஒருமுறை விட்டால் தானே பெருகுகின்றது. சில திங்களுக்குள் மாவுப்பூச்சியின் கொடுமை தணிந்தது. என் பெரியப்பாவும் மறுபடி பப்பாளி நட்டார்.

மாவுப்பூச்சி அடியோடு அழிந்ததோ எனின், இல்லை. அது முற்றும் அழியின் குளவியும் உணவின்றி அழியும். இரண்டும் சிறுதொகையினவாய் ஒன்றையொன்று அடக்கி வாழ்தலே இயற்கையின் சமநிலையாம்.

இம்முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. சப்பாத்திக்கள்ளி நம் சமவெளிகளில் ஒருகாலத்திற் காடாய்ப் பரந்திருந்தது. 1795ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து, செஞ்சாயம் தரும் பூச்சி எனப் பிறழக் கருதி ஒரு பூச்சியினத்தைக் கொணர்ந்தனர். சாயம் கிட்டவில்லை, ஆனால் கள்ளியில் ஒருவகை அதனால் அழிந்தது. தென்னாட்டிற் பரவிய மற்றொரு வகைக் கள்ளியை அது தீண்டவில்லை. 1926ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து வேறோர் இனத்தைக் கொணர்ந்த பின்னரே அக்கள்ளியும் பெரிதும் ஒழிந்தது. எப்பகைக்கு எது பகையென நுணுகி அறிதல் வேண்டும் என்பதற்கு இது சான்றாகும். ஆராயாது விடுத்தல் கேடு பயக்கும். கரும்பின் வண்டை அழிக்குமென 1935ஆம் ஆண்டு ஆத்திரேலியாவிற் கொணரப்பட்ட பெருந்தேரை, வண்டை ஒழிக்காது அந்நாட்டு உயிர்களுக்கே நஞ்சாயிற்று.

முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்பது நம்மவர் பழமொழி. எடுக்கும் முள் எதுவெனத் தெரிதல் அறிஞர் கடன். அது தன் தொழிலைச் செய்யுமளவும் நஞ்சு தெளியாது பொறுத்திருத்தல் உழவர் கடன். கடன்பட்டுப் பயிரிட்டவனுக்கு அப்பொறுமை எளிதன்று. தன் பயிர் வெளுப்பதைக் கண்டும் அவன் கையைக் கட்டியிருத்தல் எங்ஙனம்? அவனுக்கு உண்மையை உரிய காலத்தில் எடுத்துச் சொல்வார் வேண்டும். பயிர் நூலைக் கல்லாத நாமும், விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், ஒரு பொறிவண்டைக் காட்டி, “இது நம் பகையன்று, நம் வேலையாள்” என்று சொல்லுதல் கூடும்.