மீனின் வீடு கரைந்தால்...

புத்தளம் மாவட்டத்துக் கனமூலை முதலிய கரையோர ஊர்களில், மீன் மணக்காத அடுக்களையைக் காண்பது அரிது. அம்மீன்களுட் பலவற்றின் பிறந்தகம் எது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கற்பிட்டிக் குடாநாட்டுக்கு அப்பால், கடலினடியில் பரந்து கிடக்கும் பார் றீவ் என்னும் முருகைக்கற்பாறைத் தொகுதி அத்தகையதொரு பிறந்தகமாகும். 1992ஆம் ஆண்டில் அது சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆயினும், சட்டத்தின் வேலியைத் தாண்டி வரும் பகைவன் ஒருவன் உளன்.

அவன்தான் கரியமில வாயு. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் அவ்வாயுவில் ஏறக்குறைய காற்பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது நீருடன் சேர்ந்து மென்மையானதோர் அமிலமாகிறது. கைத்தொழிற் புரட்சிக்குப் பின்னர், கடல் மேற்பரப்பின் பீ.எச். அளவு 8.2இலிருந்து 8.1ஆக இறங்கியுள்ளது. எண்ணளவில் இது சிறு மாற்றமே. அமிலத்தன்மையிலோ ஏறக்குறைய முப்பது சதவீத உயர்வு! கடல்நீர் இன்னும் காரத்தன்மை உடையதே. எனினும், முருகைப் பூச்சிகள் தம் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவதற்கு வேண்டிய பொருள் அதிற் குறைந்து வருகிறது.

இதனால் மீன்கள் முட்டையிடுவது நின்றுவிடுமா? விடை அவ்வளவு எளிதன்று. 2013இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், கரியமில வாயு மிகுந்த நீரில் வளர்ந்த ஒருவகைக் கோமாளி மீன்கள் வழமையான நீரில் இருந்தவற்றிலும் அதிகமாகவே முட்டையிட்டன. அமிலநீரில் மீன்குஞ்சுகள் மோப்பம் இழந்து தடுமாறும் என்று 2009இல் சிலர் கூறினர்; 2020இல் அச்சோதனைகளை மீண்டும் செய்தோர் அத்தகைய விளைவைக் காணவில்லை.

ஆபத்து முட்டையிலும் பார்க்க வீட்டிலேயே தெளிவாகத் தெரிகிறது. பப்புவா நியூகினியில், இவ்வாயு கடலடியிலிருந்து இயற்கையாகவே குமிழியிடும் இடங்கள் உள. அங்கே கிளைவிட்ட முருகைகள் அருகி, பருத்த உருண்டை முருகைகளே மிகுந்திருப்பதை 2011இல் வெளியான ஆய்வு காட்டிற்று. குஞ்சுகள் பகைமீனுக்கு அஞ்சி ஒளிவதோ கிளைகளின் இடுக்குகளில்! தொட்டில் நிறைந்தும் கூரை இல்லையெனில் பிள்ளைகள் பிழைப்பதெப்படி?

பார் றீவின் ஆழங்குறைந்த பகுதி முருகைகள் 1998இல் கடல் வெப்பத்தால் வெளிறிப் பெரும்பாலும் மடிந்தன. பின்னர் மெல்லத் தழைத்தவை 2016இல் மீண்டும் அடிபட்டன. வெப்பம் வீட்டை இடிக்கிறது. அமிலம் அதனைத் திரும்பக் கட்டவிடாது தடுக்கிறது. இரண்டுக்கும் மூலம் ஒரே புகையே.

மாணவர்கள் ஒரு முட்டை ஓட்டை வினாகிரியில் இட்டுப் பார்க்கட்டும். கடல் வினாகிரி அன்று. ஆயினும் சுண்ணாம்புக்கும் அமிலத்துக்கும் உள்ள பகையை அக்குமிழிகள் உணர்த்தும். உலகின் புகையைக் கனமூலை மட்டும் தணிக்க இயலாது. ஆனால் முருகைக் கல்லை உடைக்காமலும், நங்கூரத்தால் நசுக்காமலும், குஞ்சு மீனை வாரும் வலையை விலக்கியும், நொந்த பாறைக்கு மூச்சுவிட அவகாசம் அளிக்கலாம். நாளைய சட்டியில் மீன் இருக்க, இன்று நம்மால் இயன்றது அதுவே.