தண்ணீரை நிறுத்துவதா, வெளியே விடுவதா?

பெர்ன்ஹில் பகுதியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எனக்கு ஒன்றரை ஏக்கர் சரிவு நிலம். மேல்பாதியில் தேயிலை, கீழ்ப்பாதியில் காரட்டும் உருளைக்கிழங்கும். ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து ஓடுகிறது. தேயிலை வரிசைகளுக்கு நடுவே குழி எடுத்து மழைநீரை நிறுத்தச் சொல்கிறார்கள். நிலத்துக்குக் கீழே எங்கள் வீடு. குழி எடுக்கலாமா?”

இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் ‘கீழே எங்கள் வீடு’ என்று அவர் எழுதியிருப்பதால், கேள்வி-பதில் பகுதியில் அடக்காமல் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மலையில் மழைநீர் இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. ஒன்று மண் அரிப்பு. மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். நமக்குத் தெரிவது விளைச்சல் குறையும்போதுதான். மற்றொன்று நிலச்சரிவு. இது ஒரே இரவில், செடி, மரம், வீடு எல்லாவற்றோடும் இறங்கிவிடும். முதல் நோய்க்குக் கொடுக்கிற மருந்து, சில நிலங்களில் இரண்டாவது நோயைக் கூட்டிவிடும். இந்த வித்தியாசத்தை நானே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

அரிப்பைப் பற்றிப் படிக்க வாசகர் தூரம் போகவேண்டாம். மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954 முதல் அவருடைய பெர்ன்ஹில்லிலேயே இருக்கிறது. அங்கே 25 சதவீதச் சரிவில், அதாவது 100 அடிக்கு 25 அடி இறங்கும் நிலத்தில், உருளைக்கிழங்கை வைத்து அளந்து பார்த்தார்கள். மேலிருந்து கீழாகப் பார் பிடித்து நட்டபோது ஹெக்டேருக்குச் சுமார் 39 டன் மண் போனது. சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் பார் பிடித்தபோது சுமார் 15 டன். படிமட்டம் அமைத்த நிலத்தில் இன்னும் வெகுவாகக் குறைந்தது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் கிராமம் கிராமமாகப் போய், மேலிருந்து கீழாகப் பார் பிடிப்பவர்களைக் கடிந்துகொண்டோம். “குறுக்கே பிடித்தால் தண்ணீர் நின்று கிழங்கு அழுகும் சார்” என்று வயதானவர்கள் சொன்னார்கள். பழைய பழக்கத்தை விடமாட்டேன் என்கிறார்கள் என்றே அன்று நினைத்தேன். தண்ணீரைச் சீக்கிரம் வெளியே அனுப்பிவிட வேண்டும் என்ற அவர்களுடைய எண்ணத்தில் பாதி சரி இருந்தது. மண்ணையும் சேர்த்து அனுப்பியதுதான் தவறு.

எனக்கு அதைப் புரியவைத்தது 2009 நவம்பர். வடகிழக்குப் பருவமழையில், நவம்பர் 10-ஆம் தேதி கேத்தியில் ஒரே நாள் கணக்கில் 820 மில்லிமீட்டர் பதிவானது. உதகையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்கிற சராசரி மழையே சுமார் 1,200 மில்லிமீட்டர்தான். உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு விவசாயிக்கு அவருடைய செங்குத்தான தேயிலைச் சரிவில் வரிசை வரிசையாகக் குழி எடுக்க நானே சொல்லியிருந்தேன். குழிகள் நன்றாக வேலை செய்தன, வண்டல் தங்கியது, அவருக்கும் சந்தோஷம். அந்த மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது, கடைசிக் குழி வரிசையை ஒட்டி நிலம் பிளந்து, கீழ்ப்பகுதி முழுவதும் ஓடை வரை இறங்கிக் கிடந்தது. அங்கே வீடு எதுவும் இல்லை, உயிர்ச்சேதம் இல்லை. குழியால் மட்டுமே சரிந்தது என்று சொல்ல முடியாது. அந்த மழைக்குக் குழி இல்லாத சரிவுகளும் இறங்கின. ஆனாலும் அதே மாதிரி நிலத்துக்கு அதற்குப் பிறகு நான் குழி சொன்னதில்லை.

ஏன் என்று பார்ப்போம். நீலகிரியின் அடியில் இருப்பது கெட்டியான சார்னோகைட் பாறை. அதன்மேல் அந்தப் பாறையே மக்கி உருவான செம்மண், சில இடங்களில் பல பத்து அடி ஆழத்துக்கு இருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும். பாறையைத் தொட்டதும் மேலே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கும். தேங்கிய நீர் மண் துகள்களைப் பிரித்துத் தள்ளும், பிடிப்பு தளரும். கூடவே எடையும் ஏறும். ஓர் ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் 4 லட்சம் லிட்டர், அதாவது 400 டன் தண்ணீர். அதில் பாதி உள்ளே இறங்கினாலும் சரிவு 200 டன் கூடுதல் சுமையைத் தாங்கவேண்டும். இந்த நிலையில் சரிவின் அடியை யாராவது சாலைக்கோ வீட்டுக்கோ வெட்டியிருந்தால், சுமை தாங்கிய காலையே எடுத்த மாதிரி.

‘மரம் நட்டால் பிடித்துக்கொள்ளாதா?’ என்று பலர் கேட்கிறார்கள். சில அடி ஆழத்தில் நடக்கும் சரிவை வேர் பிடிக்கும். 20 அடிக்குக் கீழே பாறையை ஒட்டி வழுக்கினால், மரம் நின்றபடியே மண்ணோடு இறங்கும். கற்பூர மரம் தண்ணீரை நிறைய உறிஞ்சும் என்பது உண்மைதான். கிளன்மார்கனில் பெர்ன்ஹில் மையம் செய்த ஆய்வில், ஒரு நீர்ப்பிடிப்பில் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டதால் ஓடைக்கு வரும் நீர் முதல் பத்தாண்டில் சுமார் 16 சதவீதம் குறைந்தது. ஆனால் ஒரே நாளில் கொட்டும் மழைக்கு அந்த உறிஞ்சல் ஈடுகொடுக்காது. கோடையில் ஊற்றை இழப்பதுதான் மிச்சமாகும்.

இனி வாசகரின் நிலத்துக்கு வருகிறேன். சரிவு 33 சதவீதத்துக்கு மேல் இருந்தால், கீழே வீடு இருக்கும்போது, தேயிலைக்குள் நீர் நிறுத்தும் குழி வேண்டாம். ஏற்கெனவே எடுத்த குழிகளை மூடி, நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். அதற்குப் பதிலாக, நிலத்தின் மேல் எல்லையில் ஒரு தடுப்பு வாய்க்கால் எடுங்கள். மேலே இருந்து வரும் சாலைத் தண்ணீரும் பக்கத்துத் தோட்டத் தண்ணீரும் உங்கள் நிலத்துக்குள் நுழையாமல் அது ஓரமாகக் கொண்டுபோக வேண்டும். 100 அடிக்கு ஓர் அடி வாட்டம் போதும். அது போய்ச் சேரும் இடம் இயற்கையான ஓடையாக இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரரின் கொல்லையாக இருக்கக்கூடாது. இதில்தான் பாதிச் சண்டை வரும். மேல் நிலத்துக்காரர், கீழ் நிலத்துக்காரர் எல்லோரும் ஒரு நாள் சேர்ந்து நடந்து பார்க்காமல் இந்த வேலை ஆகாது.

காரட், உருளை போடும் கீழ்ப்பாதி 33 சதவீதத்துக்கு உட்பட்டிருந்தால் உள்சாய்வுப் படிமட்டம் நல்லது. படியின் தளம் மலைப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். உள் ஓரத்தில் வாய்க்கால், அந்த வாய்க்கால் பக்கவாட்டில் கல் பாவிய இறங்கு வாய்க்காலில் சேரவேண்டும். வாய்க்கால் அடைத்துப்போன படிமட்டம் வரிசையாகக் கட்டிய தொட்டிக்குச் சமம். படியின் மண்சுவரில் வளரும் புல்லை நடவு நேரத்தில் கொத்திச் செதுக்கும் பழக்கத்தை விடுங்கள். படியைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

வீட்டுப் பின்புறம் தடுப்புச் சுவர் இருந்தால், அதில் நீர் கசியும் துளைகள் இருக்கின்றனவா, மண் அடைத்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சரிவின் தலையில் உறிஞ்சுகுழியோ தெளிப்பானுக்கான நீர்க்குட்டையோ இருந்தால் இடம் மாற்றுங்கள். அடியில் மண்ணெடுக்க இயந்திரம் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் கூடாது.

மாவட்டத்தில் 283 இடங்கள் அபாயப் பகுதிகளாகக் கண்டறியப்பட்டுள்ளன. உங்கள் ஊர் அதில் உள்ளதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியபோது, முதலில் அறிக்கை தரத் தொடங்கிய மாவட்டங்களில் டார்ஜிலிங், காலிம்போங்கோடு நீலகிரியும் ஒன்று. ஆனால் அந்த அறிக்கை உங்கள் ஒன்றரை ஏக்கரைத் தனியாகச் சொல்லாது. அதை நீங்கள்தான் பார்க்கவேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், திடீரென்று புதிதாகக் கிளம்பும் ஊற்று, தெளிவாக வந்த ஊற்றில் சேறு, அடைக்க முடியாமல் இறுகும் கதவு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றிரவு அந்த வீட்டில் படுக்காதீர்கள். 1077-க்குச் சொல்லுங்கள். மழையில்லாத நாளில் வெடிப்பைக் களிமண் போட்டு இடித்து மூடி, மேலே தார்ப்பாய் விரிக்கலாம்.

பயிர் போய்விட்டால்? அறிவிக்கப்பட்ட பயிருக்குக் காப்பீடு செய்திருந்தால், நிலச்சரிவும் உள்ளூர்ப் பேரிடர் கணக்கில் வருகிறது. சேதம் நடந்து 72 மணி நேரத்துக்குள் தகவல் தந்தாக வேண்டும். பாலிசி எடுக்கும்போதே உங்கள் பயிருக்கு இந்தப் பிரிவு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

பெர்ன்ஹில் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன், ஒரு சாதாரண மழை பெய்யும்போது குடையோடு நிலத்தின் உச்சியில் போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே மறைகிறது, எங்கே மறுபடி வெளியே வருகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். அந்தத் தாளோடு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போனால், வாய்க்காலை எங்கே எடுப்பது என்று உங்கள் நிலத்திலேயே வந்து மட்டம் பார்த்துச் சொல்லக் கேட்கலாம்.