கேரவனுக்கு எவ்வளவு காத்து?

கோடைச் சிறப்பிதழுக்குக் கேரவன் சுற்றுலா பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நம் ஊரில் கேரவன் என்றால் ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் நடுவே நட்சத்திரங்கள் ஏறி உட்காரும் ஏசி வண்டிதான். அதில் குடும்பத்தோடு மலைக்குப் போகலாம் என்கிற ஆசை இப்போதுதான் முளைத்திருக்கிறது. கேரளம் 2021-ல் இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்து, வாகமண்ணில் கேரவன் பூங்காவும் திறந்தது. அந்தக் காற்று இந்தப் பக்கமும் வீச ஆரம்பித்துவிட்டது.

மெத்தை, திரைச்சீலை, மடக்குக் கட்டில் என்று எழுதத்தான் கிளம்பினேன். திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு பஞ்சர் கடை பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்ததில் எல்லாம் மறந்துபோய், டயர் மட்டும்தான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நண்பர் ஒருவர் பழைய வேன் வாங்கி, பட்டறையில் விட்டு வீடாக மாற்றியிருந்தார். பக்கத்தில் கரூர் இருக்கிறது. பஸ்ஸுக்குப் பாடி கட்டியே பேர் வாங்கிய ஊர். இந்தச் சீமையில் கை வேலைக்குப் பஞ்சமே இல்லை. உள்ளே சமையல் மேடை, பிரிட்ஜ், கழிப்பறை, கூரையில் ஏசி. கொடைக்கானலுக்கு முதல் பயணம். நல்ல நேரம் பார்த்து, முன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. காற்று மட்டும் பாக்கி.

"எவ்வளவு வைக்கட்டும்ணே?" என்றார் கடைக்காரர்.

"கதவோரம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க. அதுல போட்ருக்கறத வைங்க."

கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிரிட்ஜைப் பார்த்தார். "அது வேனுக்கு ஒட்டுன ஸ்டிக்கர்ணே. இது இப்ப வீடுல்ல?"

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டு, கம்பெனியிலிருந்து வந்த கோலத்தில் வண்டி என்ன எடை இருக்கும் என்று கணக்கிட்டுப் போட்டது. காரை யாரும் பிரித்துக் கட்டுவதில்லை, அதனால் காருக்கு அது வேதவாக்கு. கேரவனில் அப்படியா? இருக்கைகளைக் கழற்றிவிட்டோமே, எடை குறைந்திருக்குமே என்று வாதாடினார் நண்பர். கணக்குப் போட்டால் பகீரென்கிறது. 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் 150 கிலோ. சிலிண்டர் நிறைந்திருந்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. ஏசி, பேட்டரிகள், பிளைவுட் அலமாரிகள், மேடைக்குப் போட்ட கிரானைட் பலகை (எதற்கு ஐயா வண்டியில் கிரானைட்?). இதெல்லாம் பயணிகளைப் போல வழியில் இறங்கிப் போகாது. வண்டி சும்மா நிற்கும்போதும் டயர் அதைச் சுமந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னொரு சங்கடம். கொடைக்கானல் மலைச்சாலையில் 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு 2024 நவம்பரில் தடை வந்தது. கொண்டை ஊசி வளைவில் அவை திரும்பும் அழகைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் விளைவு, மலையேற ஆசைப்படுகிறவர்கள் சின்ன வேனைத்தான் நாடுவார்கள். பஸ்ஸில் வைக்கிற சாமானையெல்லாம் வேனுக்குள் திணிப்பார்கள். எனக்குப் பயமே அங்கேதான்.

ஸ்டிக்கர் உதவாது என்றதும் நண்பர் டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருந்த எண்ணைக் காட்டி, "அப்ப இதை வைங்க" என்றார். நம்மில் பாதிப் பேர் செய்கிற தவறு அது. அங்கே எழுதியிருப்பது அந்த டயரின் உச்ச சுமையும், அதற்குரிய காற்றழுத்தமும். நம் வண்டிக்கு இவ்வளவு வை என்று சொல்ல டயருக்குத் தெரியாது; அதை எந்த வண்டியில் மாட்டப்போகிறார்கள் என்பதே அதற்குத் தெரியாதே. அதோடு அளவுக்குப் பக்கத்தில் ஒரு சுமை எண்ணும் இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 112 என்றால் 1,120 கிலோ. 121 என்றால் 1,450. நண்பரின் டயரில் இருந்தது 112. பின்னால் ஒற்றை டயர்கள்தான், ஆக இரண்டும் சேர்ந்து 2,240 கிலோ. அதுதான் எல்லை.

"எடை போட்டுட்டு வாங்க. முன்னாடி தனியா, பின்னாடி தனியா. அப்புறம் சொல்றேன்" என்று கம்ப்ரசர் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டார் கடைக்காரர். வந்த வாடிக்கையைக் காற்று பிடிக்காமல் திருப்பி அனுப்புகிற கடைக்காரரை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரிகள் அவருக்கு வழக்கமான வாடிக்கை. ஏற்றிய எடை தெரியாமல் காற்றைப் பற்றிப் பேசுவது லாரிக்காரர்களிடம் எடுபடாது. நாம்தான் பெட்ரோல் பங்க்கில் நின்று, வண்டியை விட்டு இறங்காமலே "எல்லாத்துக்கும் முப்பத்தஞ்சு" என்கிறோம். இந்த வேனில் இருப்பதைப் போல அளவுக்குப் பின்னால் 'சி' என்று எழுத்துப் போட்ட டயர்கள், காருக்கு வைப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காற்றில் வேலை செய்யப் பிறந்தவை. அதற்கு முப்பத்தைந்து வைத்தால் பாதிப் பட்டினி.

பட்டினி டயர் என்ன செய்யும்? ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சூடேறி ஒடிகிறதல்லவா, அதேதான். அக்னி நட்சத்திரத்தில் பகல் ஒரு மணிக்கு நான்கு வழிச் சாலையில் நூறில் போகிறவனுக்குக் கீழே தார் கொதிக்கிறது. உள்ளே டயர் தன் பங்குக்குச் சுடுகிறது. ரப்பரும் நூல் அடுக்கும் பிரிந்து, ஒரு கட்டத்தில் பட்டென்று போகும். பத்திரிகையில் மறுநாள் "டயர் வெடித்து" என்று ஒரு வரி வரும். காற்று அதிகமாகி வெடித்ததாகத்தான் படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கதை நேர்மாறு.

அந்தத் தப்பெண்ணம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதிலிருந்து வந்ததுதான் ஓடிச் சூடேறிய டயரில் காற்றை இறக்குகிற பழக்கம். திண்டுக்கல்லிலிருந்து வெயிலில் ஓட்டி வத்தலக்குண்டு வந்து, டீ குடிக்க நிறுத்தி, கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். காலையில் 60 வைத்தது 67 காட்டும். "சூட்டுல ஏறிடுச்சு, மலையில வேற ஏறணும், கொஞ்சம் இறக்கிடுங்க." புஸ்ஸென்று இறக்கி மறுபடி 60-க்குக் கொண்டுவருவார்கள். ஏறியது ஏற வேண்டிய காற்றுதான். முப்பது டிகிரியில் இருந்த டயர் அறுபது டிகிரிக்குச் சுட்டால் அந்த ஏழு பாயின்ட் தானாக ஏறும். அதற்கும் சேர்த்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். இறக்கிவிட்ட அதே டயரை மறுநாள் காலையில் அதே திண்டுக்கல்லில் ஆறவிட்டுப் பார்த்தால் 53 தான் நிற்கும். ஏழு பாயின்டைத் திருட்டுக் கொடுத்துவிட்டு, வண்டி நிறைய ஆட்களோடு வளைவுகளில் ஏறப் போகிறோம்.

மலை ஏறினால் காற்று கூடாதா என்று கேட்பவர்களுக்காக, பெஞ்சில் உட்கார்ந்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். திண்டுக்கல் முந்நூறைக்கூடத் தொடாது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் கிட்டத்தட்ட 3 பாயின்ட் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 35 டிகிரி, மேலே 17 டிகிரி. அந்தக் குளிரில் உள்காற்று சுருங்கி ஏறக்குறைய அதே 3 பாயின்ட் குறைந்துவிடும். ஒரு காரில் திண்டுக்கல்லில் 33 இருந்தால் கொடைக்கானலில் ஆறிய பிறகும் 33 தான். வேனில் 60 இருந்தால் 58, 59. இவ்வளவுதான் மலையின் மகிமை. இதற்காக வத்தலக்குண்டில் யாரும் வால்வு மூடியைக் கழற்ற வேண்டியதில்லை.

காற்றைக் கொஞ்சம் குறைத்தால் ரோட்டில் பிடிப்பு வரும் என்று சொல்லும் அனுபவசாலிகள் உண்டு; மணலில் அது சரி. நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பவர்களும் உண்டு. நாம் சும்மா அடிக்கிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான்.

ஆகவே காற்றைப் பார்க்க வேண்டிய இடம் வீட்டு வாசல். நேரம், வண்டியை எடுப்பதற்கு முந்திய விடியற்காலை. பங்க் மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் என்றால் போய்ச் சேர்வதற்குள் டயர் சுட்டுவிடும். கையில் ஒரு சின்ன கேஜ் வைத்துக்கொள்வது பிரிட்ஜை விட முக்கியம் என்பேன், நண்பர் ஒப்புக்கொள்ளமாட்டார். கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று 2024 மே மாதத்திலிருந்து பத்து தடவை கேட்டுக்கொள்கிற நாம், காத்து பார்த்தாயிற்றா என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை.

டயரின் வயதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. கேரவன் வருடத்தில் பத்து மாதம் கொட்டகையில் நிற்கிற ஜாதி. பட்டன் புதிதாகவே தெரியும், ரப்பர் கிழடு தட்டியிருக்கும்.

சரி, எடை மேடைக்கு வருவோம். அன்றைக்கு வெங்காய லாரி ஒன்றுக்கும் வைக்கோல் டிராக்டர் ஒன்றுக்கும் நடுவே எங்கள் நடமாடும் வீடு வரிசையில் நின்றது. குடும்பம் முழுக்க உள்ளே, தொட்டி நிறையத் தண்ணீர், டீசல் முழு டேங்க். ஊருக்குப் போகும் கோலத்திலேயே எடை போட வேண்டும் என்பது கடைக்காரரின் கட்டளை. முன் சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. முன்னே நகர்த்திப் பின் சக்கரம் மட்டும் நிற்க இன்னொரு சீட்டு. முன்னால் 1,460. பின்னால் 2,310.

நண்பர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப காத்தைக் கூட்டி வச்சுக்கலாம்ல?"

உச்ச சுமைக்கு உச்ச காற்று என்றுதான் டயரில் எழுதியிருக்கிறது. அதற்கு மேல் சுமையை ஏற்றிவிட்டுக் காற்றால் ஈடுகட்ட வழியில்லை. கடைக்காரருக்கு போன் போட்டோம். "தண்ணித் தொட்டி எங்கண்ணே இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். பின் சக்கரத்துக்கும் பின்னால், கடைக்கோடியில் இருந்தது. நீளக் கம்பின் நுனியில் கனத்தைத் தொங்கவிட்ட மாதிரி, 150 கிலோவாக இருந்தாலும் அங்கே இருப்பதால் பின் அச்சில் அதற்கும் மேலேயே அழுத்தும். முன் அச்சைத் தூக்கிவிடும்.

மேடையை விட்டு இறக்கி, ஓரமாக வேப்பமரத்தடியில் நிறுத்தித் தொட்டிக் குழாயைத் திறந்தார் நண்பர். காலையில் லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கி நிரப்பியது. மரத்துக்கடியில் கட்டிப்போட்டிருந்த ஆடு எழுந்து வந்து குடித்தது. கால் மணி நேரம் ஓடியது தண்ணீர். மறுபடியும் பின் சக்கரத்தை ஏற்றினோம்: 2,130. சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பழனி ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினார்.