காசர்கோடு முந்திரிக் காட்டில் நடந்தது

முந்திரிக்கு மருந்தடிக்கும் விவசாயிகள் காசர்கோடு கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேரளத்தின் வடகோடியான அங்கே, அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகளில் தேயிலைக் கொசுவை ஒழிக்க, 2000-ம் ஆண்டு வரை 20 ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். குன்றின் மேல் தோட்டம். சரிவில் வீடு, கிணறு, தொழுவம். மருந்து வேறெங்கே போகும்?

தேனீக்கள் மறைந்தன, ஓடையில் மீன் செத்தது, கன்றுகள் ஊனமாகப் பிறந்தன என்று ஊரார் முறையிட்டார்கள். குழந்தைகளும் அப்படியே பிறந்தார்கள்.

பெரியா ஊரில் வேளாண்மைத் துறை ஊழியராக இருந்த லீலாகுமாரி அம்மா 1998-ல் முன்சீப் கோர்ட்டுக்குப் போனார். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசுக் கழகத்தின் மேலேயே வழக்கு! 2000-ல் வான்வழித் தெளிப்பு நின்றது. 2011-ல் சுப்ரீம் கோர்ட் அந்த மருந்தையே நாடு முழுவதும் தடை செய்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க 2017-ல் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் தாய்மார்கள் போராட வேண்டியிருந்தது.

கொசு இன்றும் முந்திரித் தளிரில் உண்டு. முசுறு எறும்பு கூடு கட்டிய மரத்தில் அதன் தொல்லை குறைவு. கடிக்கிறதே என்று கூட்டைக் கொளுத்தாதீர்கள். மருந்து அடித்தே ஆக வேண்டுமானால், தேனீ அடங்கிய மாலையில், காற்றில்லாத நேரம் பார்த்து, பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவிட்டு அடியுங்கள்.