சுளுக்கா, முறிவா? கட்டுப் போடும் முன் நாம் கவனிக்க வேண்டியவை

அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தையோ, பரங்கிப்பேட்டை, லால்பேட்டை தெருக்களையோ பார்த்தால் கிரிக்கெட், கால்பந்து, வாலிபால் என்று நம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். செல்போனில் மூழ்கிக் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஓடுகிற கால் ஒருநாள் பிசகத்தான் செய்யும். பிசகியதும் வீட்டில் முதலில் தொடங்குவது வாக்குவாதம்.

விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டால் போதும் என்பார் நன்னி. புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடச் சொல்வார் பெரியம்மா. கால் முதலில் வெளிவந்து பிறந்த ஒருவரை அழைத்து மிதிக்கச் சொல்லுங்கள் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்பார் மாமா. வளைகுடாவில் இருக்கும் வாப்பா, "உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று போனில் சத்தம் போடுவார். ஆஸ்பத்திரி என்றால் பஸ் ஏறவேண்டும், வரிசையில் நிற்கவேண்டும், ஒருநாள் வேலை கெடும். இந்த எரிச்சலில் எது பக்கத்தில் கிடைக்கிறதோ அதைச் செய்துவிடுகிறோம்.

நாட்டு வைத்தியமா, ஆங்கில வைத்தியமா என்று விவாதிக்கும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எலும்பு உடைந்திருக்கிறதா, இல்லையா? இதற்குப் பதில் தெரியாமல் செய்யும் எந்த வைத்தியமும் இருட்டில் கல் எறிவதுதான்.

எக்ஸ்ரே எப்போது அவசியம்?

கணுக்கால் பிசகிய எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவையில்லை. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் இதற்கு ஓர் எளிய விதியை வகுத்தார்கள். இன்றும் உலகமெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின் விளிம்பை, கீழிருந்து மேலாக 6 செ.மீ. வரை விரலால் அழுத்திப் பாருங்கள். அடுத்து, பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே புடைத்திருக்கும் எலும்பையும், உள் ஓரத்தில் கணுக்காலுக்குச் சற்று முன்னால் இருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். இவற்றில் எங்காவது எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும், பிறகு மருத்துவர் பார்க்கும்போதும் 4 அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டாலும் எடுக்க வேண்டும்.

இந்த விதி முதலில் பெரியவர்களுக்காக வகுக்கப்பட்டது. சிறு பிள்ளைகளுக்கு வலிக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாது. அவர்களின் எலும்பு முனைகளில் வளர்ச்சி நடக்கும் மென்மையான பகுதியும் உண்டு. அங்கே அடிபட்டதைக் கவனிக்காமல் விட்டால் கை கால் கோணலாக வளரலாம். ஆகவே பிள்ளைகள் விஷயத்தில் சந்தேகம் வந்தாலே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

முதல் 2, 3 நாட்கள்

சுளுக்கு என்று நாம் சொல்வது, பெரும்பாலும் எலும்பை எலும்போடு பிணைக்கும் நார் இழுபட்டோ கிழிந்தோ போவதுதான். உள்ளே ரத்தம் கசிவதால்தான் வீக்கம் வருகிறது. அந்த நேரத்தில் அழுத்தி நீவினாலோ, சூடான பற்றுப் போட்டாலோ கசிவும் வீக்கமும் கூடலாம். முதல் 2, 3 நாட்கள் நீவவும் வேண்டாம், சூடும் வேண்டாம். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்தால் வலி குறையும். கிரேப் பேண்டேஜை இறுக்காமல் சுற்றலாம்.

நீண்ட நாள் படுக்கையும் உதவாது. வலி தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கத் தொடங்க வேண்டும். சாதாரணச் சுளுக்கு சில வாரங்களில் சரியாகும். வலி போனதுமே மைதானத்துக்கு ஓடும் பிள்ளைக்குத்தான் அதே கால் மறுபடி பிசகுகிறது. தினமும் சில நிமிடம் ஒற்றைக் காலில் நின்று பழகுவது போன்ற சமநிலைப் பயிற்சி இதைக் குறைக்கும்.

புத்தூர் கட்டு பலிப்பது ஏன்?

திருத்தணிக்கு அப்பால் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் புத்தூரில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகிறார்கள். அந்தப் பெயரில் இன்று தமிழ்நாட்டின் ஊர்தோறும் பலகைகள் தொங்குகின்றன. "எனக்கு அங்கேதான் சரியாச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. உடைந்த எலும்பை அசையாமல் வைத்தால் அது தானாகவே கூடும். அல்லாஹ் உடலை அப்படிப் படைத்திருக்கிறான். மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டும் எலும்பை ஒட்டுவதில்லை, அசையாமல்தான் பிடித்து வைக்கிறது. எனவே எலும்பு விலகாத எளிய முறிவு மூங்கில் தப்பை வைத்துக் கட்டினாலும் கூடிவிடும். விலகிய எலும்பு, மூட்டுக்குள் போன முறிவு, தோலைக் கிழித்து வந்த முறிவு ஆகியவற்றில்தான் நிலைமை வேறு. வெளியிலிருந்து தடவிப் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது எளிதல்ல.

எந்தக் கட்டாக இருந்தாலும் இறுக்கம்தான் பெரிய ஆபத்து. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மன் 1881-லேயே இதை எழுதிவைத்தார். கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை செத்துவிடும். பிறகு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். விழும்போது கையை ஊன்றி முழங்கைக்கு மேலே எலும்பு உடையும் சிறு பிள்ளைகளிடம் இந்த ஆபத்து அதிகம். ரத்தம் போகாத தசை சுமார் 6 மணி நேரத்தில் மீள முடியாத சேதத்தை அடையத் தொடங்கும். மருத்துவமனைக் கட்டிலும் இது நேரலாம்.

ஆகவே கட்டுப் போட்ட அன்று இரவு பிள்ளையின் விரல்களைப் பாருங்கள். நகத்தை அழுத்திவிட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் வெளுத்தாலோ, நீலமானாலோ, மரத்துப்போனாலோ, விரலை மெல்ல நீட்டும்போது பிள்ளை துடித்தாலோ, வலி மருந்துக்கும் அடங்காமல் ஏறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். துணிக்கட்டு என்றால் உடனே தளர்த்துங்கள். எந்தக் கட்டானாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழைக்கலாம்.

ஹிஜாமாவும் சித்தாவும்

ஹதீஸ்களில் இடம்பெற்ற சிகிச்சை என்பதால் ஹிஜாமாவுக்கு நம்மிடையே தனி மதிப்பு உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் கப்பிங் வட்டங்களை உலகமே பார்த்தது. அது ரத்தம் எடுக்காத வகை. நாள்பட்ட கழுத்து, முதுகு வலிக்கு ஓரளவு ஆறுதல் கிடைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. புதிதாக அடிபட்டு வீங்கிய மூட்டுக்கும் முறிவுக்கும் அது சிகிச்சையாகாது. ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடும் கப்பும் இன்னொருவருக்கு வந்தால் ஹெபடைடிஸ் பி போன்ற நோய்கள் பரவும். சர்க்கரை நோயாளிகளும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்துகொள்ளக் கூடாது.

சித்த மருத்துவத்தை விரும்புவோர் பட்டம் பெற்றுப் பதிவு செய்த மருத்துவரிடமே போகலாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவு இருக்கிறது. பெயரும் உட்பொருளும் எழுதாத வலிப் பொடியை மட்டும் வாங்காதீர்கள். ஒரே நாளில் வலியைப் போக்கும் இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

மருத்துவம் அறியாதவர் வைத்தியம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பு என்ற கருத்தில் அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு. எலும்பு முறிவைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதிய குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி, கற்றறிந்து கைதேர்ந்த மருத்துவர். நம் மார்க்கமும் வரலாறும் மருத்துவத்தில் அறிவையே கேட்கின்றன.

சிதம்பரம் பக்கம் உள்ளவர்களுக்கு அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்த அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கடலூர் பக்கம் உள்ளவர்களுக்கு அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே எலும்பைப் பார்த்துவிடுவோம். முறிவு இல்லை, வெறும் சுளுக்குத்தான் என்று தெரிந்து வீக்கமும் வடிந்த பிறகு, நன்னியின் விளக்கெண்ணெயை மெல்லத் தடவிவிடுவதில் தவறொன்றும் இல்லை.