வடக்கே ஒரு வேறு வாயில்

சென்னையில் தருண் சேகர் கையால் செய்த 7 நரம்பு யாழை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்போம். கிளியூர், ஏற்காடு பக்கத்து மாணவர்கள் நான்கைந்து பேர் இப்படி யாழ் செய்து, தேவாலயத்தில் ஒரு துதிப்பாடலை வாசிக்க முடியுமா? தாராளமாக முடியும். அயர்லாந்தின் 'ஸ்லேன்' மெட்டையே எடுத்துக்கொள்வோம். ஊர்ப்புறக் காதல் பாட்டின் மெட்டு அது. 1909இல் பாட்ரிக் ஜாய்ஸ் அச்சிட்டார். பழைய ஐரிஷ் வேண்டுதல் ஒன்றின் ஆங்கில வடிவம் 1919இல் அதோடு சேர்ந்தது. காதல் பாட்டு தேவாலயத்துக்குள் போயிற்று.

மெட்டு மூன்று எண்ணிக்கையில் நடக்கும். அடிச்சுரம் முதல் உச்சிச்சுரம் வரை 11 நரம்புகள் வேண்டும். செங்கோட்டியாழின் 7 போதாது. அடியார்க்குநல்லார் சொல்லும் 14 நரம்புச் சகோடயாழ் தாங்கும். யாழில் நரம்புக்கு ஒரு சுரம்தான். மீட்டியதும் ஒலி தேய்ந்துவிடும். ஆகவே ஒருவர் மெட்டை வாசிக்க, இன்னொருவர் நீண்ட சுரங்களின் இடைவெளியை நிரப்ப, பெரிய யாழ் ச, ப மட்டும் பிடிக்கட்டும். பழைய சுரம் அதிர்ந்து குழப்பினால் உள்ளங்கையால் அடக்கலாம். வீணைபோல இழுத்துக் கமகம் சேர்க்க நினைத்தால் நடக்காது.

தருமபுரத்தில் வந்த சிக்கலும் இதுதான். அது திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாய் பிறந்த ஊர். சம்பந்தர் பதிகத்துக்குப் பெருமையே இவர் யாழால்தான் என்று உறவினர் சொன்னார்கள். பாணர் மனம் வருந்தி, யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடும்படி சம்பந்தரை வேண்டினார். பாடினார். அடங்கவில்லை. யாழை உடைக்கப் போனவரைச் சம்பந்தர் தடுத்தார். யாழ்முரிப் பதிகத்தைப் பாணரின் தோல்வியாகச் சொல்வோர் உண்டு. நாம் அப்படிப் படிக்கவில்லை. கருவியின் எல்லை எதுவென்று தெரிந்து, ஊரறியக் காட்டச் சொன்னவரே அவர்தான்.

அந்தக் கலைஞனை எங்கே நிறுத்தினார்கள்? சேக்கிழாரே சொல்கிறார். மதுரைக் கோயிலில் வாயிலுக்கு வெளியே நின்று வாசித்தார். இறைவன் ஆணையால்தான் உள்ளே அழைத்தார்கள். தரையின் ஈரம் யாழைக் கெடுக்கும், பொற்பலகை இடுங்கள் என்று வானில் குரல் எழுந்ததாம். திருவாரூரிலோ வடக்கே வேறு வாயில் வகுத்து அதன் வழியே அனுப்பினார்கள். பலகை பொன்னால் வந்தது, வாயில் மட்டும் தனியாகவே இருந்தது!

தேவாலயம் மட்டும் என்ன? தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனி இடம், தனிக் கல்லறை வைத்த ஊர்களை நாம் அறிவோம். பறையைச் சாவு மேளம் என்று வெளியே வைத்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, கிராமிய மெட்டுகளில் வழிபாட்டையே அமைத்துப் பறையை உள்ளே கொண்டுவந்தார்.

ஏற்காட்டுப் பிள்ளைகளும் ஸ்லேன் மெட்டுக்குப் பறையைச் சேர்க்கட்டும். அதன் சத்தம் யாழை மூடிவிடும். அதனால் முதல் அடிகளில் விரல் நுனியால் மெல்லத் தட்டி, கடைசி அடிக்கு மட்டும் குச்சியை எடுக்கலாம். பறைக்காரரை வாசல் பக்கம் நிறுத்த வேண்டாம். யாழ்களுக்கு நடுவில் நிற்கட்டும்.