மைலேஜும் சாரதியின் பாதமும்

சிறிய கார் வாங்கப் போகும் நடுத்தரக் குடும்பத்தார் ஷோரூமில் முதலில் கேட்பது மைலேஜ் எவ்வளவு என்பதைத்தான். அங்கே சொல்லப்படும் எண்ணை வேதவாக்காகக் கொண்டு வீடு திரும்பி, ஆறு மாதம் ஓட்டிய பிறகு, சொன்னதில் முக்கால் பங்குகூட வரவில்லையே என்று டீலரையும் பெட்ரோல் பங்கையும் அரசாங்கத்தையும் வரிசையாக நொந்துகொள்வது, மைசூரில் எந்தத் தெருவிலும் காதில் விழக்கூடிய சம்பாஷணை. இந்த மனக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. சட்டம் இதற்குப் பரிகாரமும் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பரிகாரத்தை நாடி நுகர்வோர் ஆணையத்தின் படியேறுகிறவரிடம் எதிர்த்தரப்பு வழக்கமாக எழுப்பும் ஆட்சேபம், 'இவர் ஓட்டும் முறை சரியில்லை' என்பதுதான். ஆகையால், தம் உரிமையை நிலைநாட்ட விரும்புகிறவர் தம்முடைய வலது பாதத்தின் நடத்தையிலிருந்தே விசாரணையைத் தொடங்குவது உசிதம்.

முதலில் அந்த எண்ணின் ஜாதகத்தைப் பார்ப்போம். அது சாலையில் ஓட்டிப் பார்த்துப் பெற்றதன்று. புனேயில் 1966-இல் ஸ்தாபிக்கப்பட்ட அராய் போன்ற பரிசோதனை நிலையங்களில், காரை உருளைகளின்மேல் நிறுத்தி, இன்ன விநாடியில் இன்ன வேகம் என்று முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி சுமார் இருபது நிமிஷம் ஓட்டி, வெளிவரும் புகையை அளந்து கணக்கிடுவது அது. அந்த ஓட்டத்தில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை, ஏ.சி. போடுவதில்லை, மேடு இல்லை, எதிர்க்காற்று இல்லை, குறுக்கே ஆட்டோ திரும்புவதும் இல்லை. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். உங்கள் வீட்டிலிருந்து நஞ்சன்கூடு போய் வர எத்தனை லிட்டர் செலவாகும் என்று அதைக் கொண்டு சொல்ல முடியாது.

பரிசோதனைக்கூடத்துக்கும் சாலைக்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஊர்க்காரர்கள் தெளிவாகக் காணும் இடம் பெங்களூர் விரைவுச்சாலை. 2023 மார்ச் மாதத்தில் அது திறக்கப்பட்டபோது, மூன்று மணி நேரப் பிரயாணம் ஒன்றரை மணிக்குச் சுருங்கிற்று; அந்தச் சௌகரியத்தோடு வேகத்தின்மேல் ஒரு மோகமும் வந்து சேர்ந்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி வளர்வது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போகும்போது வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ 56 சதவீதம் கூடிவிடுகிறது. 120-ஐத் தொட்டால் அது இரண்டே கால் மடங்கு. சிறிய எஞ்சின் உள்ள காரில் இந்தச் சுமை லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாக விழுங்கிவிடும். இவ்வளவு கொடுத்து வாங்கும் லாபம் என்ன? 118 கிலோமீட்டரையும் ஒரே சீராக 80-இல் கடந்தால் ஏறக்குறைய 88 நிமிஷம், 100-இல் கடந்தால் 71 நிமிஷம். மிச்சம் பிடித்த அந்தப் பதினேழு நிமிஷத்தைக் கெங்கேரிக்கு அப்பால் காத்திருக்கும் பெங்களூர் நெரிசல் வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்கிறது. திறந்த வருஷமே விபத்துகள் மலிந்து, 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் பிரதான பாதையில் தடை வந்தது. பிறகு வேகத்தைப் பதிவு செய்யும் காமிராக்களும் வந்தன. கார்களுக்கு விதித்த 100 என்ற வரம்பை மீறுகிறவர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவின்படி 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதத்துக்கும் உள்ளாகிறார். பெட்ரோலியச் சிக்கனத்துக்காக 1978-இல் ஏற்படுத்தப்பட்ட மத்திய அரசு ஸ்தாபனம் 45 முதல் 55 வரையிலான வேகத்தையே உத்தமம் என்று உபதேசிக்கிறது. நகரச் சாலைக்கு அது பொருந்தும். விரைவுச்சாலையில் அதை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடித்து, பின்னால் வரும் பஸ்ஸின் வாயில் போய் விழ வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இடது பக்கத்து வரிசையில் 80-ஐ ஒட்டிச் செல்வதே விவேகம்.

நகரத்துக்குள் நஷ்டம் வேறு ரூபத்தில் வருகிறது. கே.ஆர். சர்க்கிளில் பச்சை விழுந்த மாத்திரத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பாய்ந்து, இருநூறு கஜத்துக்கு அப்பால் அடுத்த சிவப்பைக் கண்டதும் பிரேக்கை மிதிப்பவர், தாம் காசு கொடுத்து உண்டாக்கிய வேகத்தையே பிரேக்கில் சூடாக்கிக் காற்றில் விடுகிறார். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: டாப் கியரில் போனால் சிக்கனம் என்று கேள்விப்பட்டு, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலும் டாப் கியரை விடாமல், எஞ்சின் முனகி நடுங்க நடுங்க ஓட்டுகிறவர்கள். தசராக் கூட்டத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் ஏ.சி.க்காக எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிறிய பெட்ரோல் எஞ்சின் சும்மா நின்றே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும் என்று தெரிந்தால் போதும்.

விரிவாகச் சொல்ல வேண்டியது சாமுண்டி மலை இறக்கத்தைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை தரிசனம் முடித்து இறங்கும் கார்களில் எத்தனையோ, உச்சியிலேயே நியூட்ரலில் போடப்பட்டு, வளைவுக்கு வளைவு பிரேக் விளக்கு எரிய, அடிவாரத்தை நெருங்கும்போது பிரேக் கட்டை கருகும் நாற்றத்தோடு வருவதை யாரும் பார்க்கலாம். இது கார்ப்யுரேட்டர் காலத்துச் சிக்கனம். அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும் ஓட்டிய பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போன பழக்கம். இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் விஷயம் தலைகீழ். கியரில் இருந்தபடியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால், எரிபொருள் பாய்வதை மின்னணுக் கருவி முற்றிலும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோலைச் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஆக, மிச்சம் என்று எண்ணிச் செய்வது செலவாகவே முடிகிறது. எஞ்சின் கொடுத்திருக்க வேண்டிய தடையும் போய், பாரம் முழுதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. இன்னும் ஒரு படி மேலே போய் எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிற சாகஸக்காரர்கள், இரண்டு மூன்று மிதிக்குப் பின் பிரேக் கல்லாக இறுகிவிடும் என்பதையும், ஸ்டியரிங் திருப்பக் கனக்கும் என்பதையும், சாவியை உருவினால் அது பூட்டிக்கொள்ளவே கூடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மூன்றாவது, இரண்டாவது கியரில் நிதானமாக இறங்குவது உயிருக்கும் நல்லது, பெட்ரோலுக்கும் நல்லது.

விக்ராந்த் டயர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு டயரில் காற்றுக் குறைவாக ஓடுவதற்கு மன்னிப்பே கிடையாது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் ஆறியிருக்கும்போது, மாதம் ஒருமுறையேனும் காற்றைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். அது தயவன்று, வாடிக்கையாளரின் உரிமை.

இனி, சாரதி எவ்வளவு சாதுவாக ஓட்டினாலும் தவிர்க்க முடியாத குறை ஒன்று இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்டு, இப்போது எங்கும் பரவிவிட்ட இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் உஷ்ண சக்தியே குறைவு. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் சக்தி பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். பழைய கார்களில் இதனால் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று 2021-இல் நீதி ஆயோக்கின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. எத்தனால் கலவாத பெட்ரோலும் விற்கப்பட வேண்டும் என்று தொடுத்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-இல் தள்ளுபடி செய்துவிட்டபடியால், தம் மைலேஜை ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய கணக்கோடு ஒப்பிடுகிறவர் இந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டே பேச வேண்டும்.

பங்கில் அளவு குறைகிறது என்ற சந்தேகத்துக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லிலிட்டருக்கு மேல் குறைந்தால் சட்டமுறை எடையளவுத் துறையில் புகார் செய்யலாம். இதைச் செய்த பிறகு, ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். ஒரே பங்கில், பம்பு தானாக நிற்கும் வரை டாங்கை நிரப்பி, நானூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் அதே விதமாக நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்து, பில்லோடு தேதிவாரியாக எழுதி வர வேண்டும். டாஷ்போர்டில் தெரியும் சராசரியை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் சற்றுத் தாராளமாகவே பேசும்.

நிதானமாக ஓட்டியும், சர்வீஸ் தவறாமல் செய்தும், விளம்பரத்துக்கும் இந்தக் கணக்குக்கும் பாரதூரமான வித்தியாசம் இருந்தால், 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தவறான விளம்பரம் என்ற தலைப்பில் விசாரிக்க இடம் தருகிறது. லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்ற வாக்குறுதியை நம்பி டீசல் கார் வாங்கிய ஒருவரின் வழக்கில், நிபுணர் ஓட்டிப் பார்த்ததில் இருபதுகூட வராததால், திருச்சூர் மாவட்ட ஆணையம் 2022-இல் 3,10,000 ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. 2004-இல் வாங்கிய ஒரு மாருதி காருக்கு 16 முதல் 18 வரை என்று விளம்பரம் செய்து 10 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் கிடைத்த வழக்கில், ஒரு லட்ச ரூபாய் நஷ்ட ஈட்டைத் தேசிய ஆணையம் 2024 ஜனவரியில் உறுதி செய்தது. வாங்கியவர் அதற்குள் இருபது வருஷம் காத்திருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

காரை எங்கே வாங்கியிருந்தாலும், மைசூரில் வசிக்கிறவர் மைசூர் மாவட்ட ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கட்டணம் கொடுத்த விலையைப் பொறுத்தது: 5 லட்சம் வரை இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து பார்ப்பது நல்லது. சில கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன.